நோரா அவுனோரைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு: எந்தப் பிரதி, எந்த வரிசை, எங்கே போவது

பிலிப்பைன்ஸ் சினிமா என்றதும் யாராவது ‘ஹிமாலா’ பெயரைச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் யூடியூபில் தேடி, முதலில் வந்ததைத் திறந்து, சாயம் போன படத்தை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று மூடியிருப்பீர்கள். புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான். கோளாறு பிரதியில் இருக்கிறது, படத்தில் இல்லை.

நோரா அவுனோர் கண்ணால் நடிப்பவர். முக்கியமான காட்சிகளில் வசனம் குறைவாக இருக்கும், உடம்பும் அதிகம் அசையாது. மங்கிய பிரதியில் அந்தக் கண் இரண்டு கருப்புப் புள்ளி, அவ்வளவே. இன்னொன்று, அவர் மாநிறம், உயரமும் குறைவு. வெளுத்த தோல் மெஸ்தீசா (ஐரோப்பியக் கலப்பு வம்ச) நடிகைகளே நாயகியாக இருந்த திரையில் அந்த நிறத்தோடு உச்சிக்குப் போனவர். பிரதியின் வெளிச்சத்தைக் கூட்டிப் பதிவேற்றும் புண்ணியவான்கள் முதலில் அழிப்பது அந்த நிறத்தைத்தான்.

ஆளைப் பற்றித் தொடங்குவதற்கு இவ்வளவு தெரிந்தால் போதும்: 1953 மே 21 அன்று பிக்கோல் வட்டாரத்து இரிகாவில் பிறந்தவர், இயற்பெயர் நோரா கபால்தேரா வில்லமயோர். சிறுமியாக ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்றவர். 1967-இல் பாட்டுப் போட்டியில் வென்று திரைக்கு வந்தார். 170 படங்களுக்கு மேல் நடித்தார். 2022-இல் நாட்டின் உயரிய கலைப் பட்டமான ‘தேசியக் கலைஞர்’ பட்டம் பெற்றார். 2025 ஏப்ரல் 16 அன்று காலமானார். ரசிகர்களுக்கு அவர் ‘ஆத்தே கை’. ‘ஆத்தே’ என்றால் அக்கா, ‘கை’ அவர் செல்லப்பெயர்.

1. முதலில் பிரதி, பிறகுதான் படம்

நல்ல பிரதி கிடைக்கிற படத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு படங்களுக்கு முறையான மீட்டெடுப்பு நடந்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

‘ஹிமாலா’ (1982): பிலிப்பைன்ஸ் ஊடகக் குழுமமான ஏபிஎஸ்-சிபிஎன்னின் திரைப்படக் காப்பகம், சென்ட்ரல் டிஜிட்டல் லேப் என்ற கூடத்தோடு சேர்ந்து மீட்டெடுத்து, 2012-இல் வெனிஸ் விழாவில் திரையிட்டது.

‘போனா’ (1980): அமெரிக்காவின் கானி ரிலீசிங், பிரான்ஸின் கார்லோட்டா ஃபிலிம்ஸ் இரண்டும் சேர்ந்து 4கே தரத்தில் மீட்டெடுத்து, 2024-இல் கான் விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் காட்டின.

கையில் கிடைத்தது எந்தப் பிரதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டெடுத்த பிரதியின் தொடக்கத்தில் மீட்டெடுத்த நிறுவனத்தின் அட்டை வரும். தொலைக்காட்சிச் சின்னம் மூலையில் இருந்தால் அது ஒளிபரப்பிலிருந்து பிடித்தது, விளம்பர இடைவெளிக்காகக் காட்சிகளை வெட்டியிருக்க வாய்ப்பு உண்டு. எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தால், பதிப்புரிமைச் சோதனையை ஏமாற்றக் கண்ணாடிப் பிம்பமாக ஏற்றியது. முகங்கள் பக்கவாட்டில் உப்பியிருந்தால் பழைய சதுரச் சட்டகத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறார்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த பிரதிக்குப் போங்கள்.

ஓடும் நேரத்தையும் பாருங்கள். ‘ஹிமாலா’ முழுப் படம் 124 நிமிடம். 119 நிமிடம் என்று காட்டினால் உடனே “வெட்டிவிட்டார்கள்” என்று முடிவு கட்டாதீர்கள். நொடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டியதை ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்காக 25-ஆக ஓட்டினால் நேரம் நூற்றுக்கு நான்கு பங்கு குறையும், 124 நிமிடம் 119 ஆகிவிடும். காட்சி எதுவும் போயிருக்காது, ஆனால் எல்லோர் குரலும் கொஞ்சம் கீச்சாகக் கேட்கும். 110-க்குக் கீழே இறங்கினால் அது வெட்டுப் பிரதிதான்.

தொலைக்காட்சியில் பார்க்கிறீர்களா? பட அமைப்பில் ‘விவிட்’, ‘டைனமிக்’ ஆகியவற்றை அணைத்து ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்று வையுங்கள். சட்டகங்களுக்கு இடையே இல்லாத சட்டகத்தைச் செருகும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியையும் அணையுங்கள். ‘ஹிமாலா’வின் வறண்ட மணல் அந்த வசதியில் பிளாஸ்டிக் மாதிரி தெரியும்.

2. டிஸ்க் வாங்குவதா, இணையத்தில் பார்ப்பதா

இணையம் மலிவு. முதலில் ஏபிஎஸ்-சிபிஎன் குழுமத்தின் அதிகாரபூர்வ யூடியூப் சேனல்களைத் தேடுங்கள். மீட்டெடுத்த பழைய படங்களை அவர்கள் அவ்வப்போது இலவசமாகவே ஏற்றுகிறார்கள். உரிமக் காலம் முடிந்ததும் சில படங்கள் காணாமல் போகும். “அப்புறம் பார்க்கலாம்” என்று பட்டியலில் போட்டு வைத்தால், ஒரு மாதம் கழித்து வெறும் சாம்பல் பெட்டிதான் இருக்கும். கிடைக்கும்போதே பார்த்துவிடுங்கள். கட்டணத் தளங்களில் சந்தா கட்டும் முன், அந்தப் படம் உங்கள் நாட்டில் திறக்கிறதா என்று சந்தா இல்லாமலே தேடிப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் தளங்களின் படப் பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். சந்தா கட்டிய பிறகு “உங்கள் பகுதியில் இல்லை” என்று வந்தால் பணம் திரும்புவது கடினம்.

டிஸ்க் விஷயத்தில்தான் பணம் வீணாகும், கவனம் வேண்டும். ப்ளூ-ரே உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை ‘ஏ’. ஐரோப்பா, ஆஸ்திரேலியா ‘பி’. இந்தியாவும் இலங்கையும் ‘சி’. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பவர்களுக்கு அமெரிக்க டிஸ்க் அப்படியே ஓடும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் வைத்திருக்க வேண்டும், அல்லது டிஸ்க்கின் பின்னட்டையில் ‘ஏ, பி, சி’ மூன்றும் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய டிவிடிக்கு வேறு கணக்கு: பிலிப்பைன்ஸ் மண்டலம் 3, இந்தியாவும் இலங்கையும் 5. 4கே யூஎச்டி டிஸ்க்குக்கு மட்டும் மண்டலப் பூட்டு கிடையாது.

பிரெஞ்சு வெளியீடு பார்க்க அழகாக இருக்கும், கூடவே கையேடும் வரும். ஆனால் பிரெஞ்சு டிஸ்க்குகளில் பெரும்பாலும் பிரெஞ்சுத் துணைத்தலைப்பு மட்டும்தான். படங்களின் மொழியான தகாலோகும் பிரெஞ்சும் தெரியாதவருக்கு அது அலமாரியில் வைக்கும் பொருள். ‘ஆங்கிலத் துணைத்தலைப்பு’ என்று தனியாக எழுதியிருந்தால் ஒழிய வாங்காதீர்கள்.

அமெரிக்காவின் சிறு நிறுவனங்கள் வெளியிடும் ப்ளூ-ரே பொதுவாக 25 முதல் 35 டாலர். அஞ்சல் செலவு அதில் பாதிக்கு மேல் போகும், இந்தியா வந்தால் சுங்கவரி தனி. கூரியர் நிறுவனம் பொட்டலத்தை விடுவிக்க ஆதார், பான், பாஸ்போர்ட் போன்ற அடையாள ஆவணம் கேட்கும். ஆவணத்தில் உள்ள பெயரும் முகவரியும் பொட்டலத்தின் மேல் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால் பொட்டலம் கிடங்கில் தூங்கும். அதனால் ஆர்டர் போடும்போதே செல்லப்பெயர், சுருக்கப்பெயர் வேண்டாம். இரண்டு மூன்று டிஸ்க்குகளை ஒரே பொட்டலமாக வரவழைத்தால் அஞ்சல் செலவு பங்கு போட்டுக்கொள்ளும். வந்து சேர மூன்று முதல் ஆறு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. துணைத்தலைப்பைச் சரிசெய்வது

தமிழ்த் துணைத்தலைப்பை எதிர்பார்க்க வேண்டாம், ஆங்கிலம்தான். தனியாக இறக்கிய துணைத்தலைப்புக் கோப்பு பேச்சோடு ஒட்டவில்லை என்றால் முதலில் எந்த வகைப் பிசகு என்று பாருங்கள்.

படம் முழுக்க ஒரே அளவு முன்பின்னாக இருந்தால் எளிது. விஎல்சி பிளேயரில் ‘ஜி’ அல்லது ‘ஹெச்’ விசையைத் தட்டத் தட்ட 50 மில்லி நொடி வீதம் நகரும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால், முன்னே சொன்ன 24–25 சட்டகச் சிக்கல். விசையைத் தட்டித் தீராது. ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் சட்டக வேகத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும், இரண்டு நிமிட வேலை. பாதிப் படம் வரை சரியாக இருந்து திடீரென ஒரே தாவலாகத் தாவினால், உங்கள் பிரதியில் அந்த இடத்தில் காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. துணைத்தலைப்பை விட்டுவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.

ஆங்கில வரியில் காணாமல் போகும் ஒன்றைக் காதால் பிடித்துக்கொள்ளலாம். பாத்திரங்கள் அடிக்கடி ‘போ’, ‘ஓபோ’ என்பார்கள். யாரையும் போகச் சொல்லவில்லை. அது நம் ‘ங்க’ விகுதி போல மரியாதைக்குச் சேர்ப்பது. பெரியவர்களிடம் பேசும்போது அந்தப் ‘போ’ வருகிறதா இல்லையா என்பதே சண்டைக் காட்சிகளில் பாதி அர்த்தம். மகள் தாயிடம் பேசும்போது அது எங்கே நிற்கிறது என்று கவனித்தால் ‘இனா கா நங் அனாக் மோ’ படமே வேறு மாதிரி தெரியும். ‘குயா’ அண்ணன், ‘அலிங்’ வயதான பெண்ணின் பெயருக்கு முன் வருவது.

4. தேடும்போது வரும் பெயர்க் குழப்பம்

‘ஹிமாலா’ என்று தேடினால் 2024-இல் வந்த ‘இசாங் ஹிமாலா’வும் சேர்ந்து வரும். அது அதே கதையின் மேடை இசை நாடகத்திலிருந்து எடுத்த வேறு படம், நாயகி எல்சாவாக நடித்தது வேறு நடிகை. இயக்குநர் பெயர் இஷ்மாயேல் பெர்னால், ஆண்டு 1982 என்று இரண்டையும் சரிபார்த்துவிட்டுத் திறங்கள்.

தலைப்புகளில் மேற்கோள் குறியும் இடைக்கோடும் தொல்லை தரும். ‘மின்சாய் இசாங் காமு-காமோ’வைச் சிலர் கோட்டோடும் சிலர் சேர்த்தும் எழுதுவார்கள். ஒரு எழுத்துமுறையில் கிடைக்கவில்லை என்றால் குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு இயக்குநர் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். ஆங்கிலத் தலைப்பும் ஒன்றாக இருக்காது, ‘மூன்று தெய்வமற்ற ஆண்டுகள்’ என்று ஓரிடத்திலும் ‘கடவுள் இல்லாத மூன்று ஆண்டுகள்’ என்று இன்னோரிடத்திலும் வருவது ஒரே படம், 1976-இன் ‘தத்லோங் தாவோங் வாலாங் தியோஸ்’.

நடிகர் பெயரிலும் இதே கூத்து. அந்த 1976 படத்தில் ரஃபேல் ரோக்கோ ஜூனியர் என்று வருபவரும், 2012-இன் ‘தை வூம்ப்’ படத்தில் பெம்போல் ரோக்கோ என்று வருபவரும் ஒருவரே.

கடைசியாக ஒரு கண்டிப்பு: துண்டுக் காட்சிகளை முதலில் பார்க்காதீர்கள். ‘ஹிமாலா’வின் இறுதி மேடைப் பேச்சும், ‘காமு-காமோ’வின் ஒற்றை வசனமும் இணையமெங்கும் நகைச்சுவைத் துணுக்குகளாகக் கூடச் சுற்றுகின்றன. இரண்டு மணி நேரம் சேர்த்து வைத்த அழுத்தம் வெடிக்கும் இடங்கள் அவை. தனியாகப் பார்த்தால் யாரோ கத்துகிறார் என்றுதான் தோன்றும்.

5. பார்க்கும் வரிசை

ஆண்டு வரிசையில் போகாதீர்கள். 1960-களின் கடைசியிலும் 70-களின் தொடக்கத்திலும் அவர் நடித்தவை பெரும்பாலும் பாட்டும் காதலுமான பதின்வயதுப் படங்கள். டிர்சோ குரூஸுடன் ஜோடி சேர்ந்த அந்தக் காலம்தான் அவரைப் பெரும் நட்சத்திரமாக்கியது, உண்மை. ஆனால் அவற்றில் நிறைய அழிந்துவிட்டன, மிஞ்சியவை மோசமான நிலையில் இருக்கின்றன. தொடங்குவதற்கு அது வழியல்ல.

முதல் படம் ‘போனா’. ‘ஹிமாலா’வை இரண்டாவதாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘போனா’ ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும், பிரதி அருமை, கதை நேர்க்கோடு. துண்டு வேடங்களில் தலைகாட்டும் ஒரு நடிகன் மேல் பைத்தியமாகி வீட்டை விட்டு வந்து, சேரியில் அவன் குடிசையில் வேலைக்காரியாகவே மாறிவிடும் பெண். இயக்கம் லீனோ ப்ரோக்கா. தயாரிப்பு நோராவின் சொந்த நிறுவனம். லட்சக்கணக்கான ரசிகர்கள் தன்னைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், ரசிகப் பித்தைப் பற்றித் தன் காசைப் போட்டுப் படமெடுத்து அதில் ரசிகையாகவே நடித்திருக்கிறார்! படத்தில் அவள் தண்ணீர் சுமக்கும், வெந்நீர் வைக்கும் காட்சிகளை வேகமாக ஓட்டிவிடாதீர்கள். அலுப்பாக இருக்கும், அலுப்பாகவே இருக்க வேண்டும். படத்தின் முடிவு அந்தப் பானையில்தான் கொதித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது ‘ஹிமாலா’. கன்னி மரியாளைக் கண்டதாகச் சொல்லும் எல்சா, வறட்சியில் கிடக்கும் குபாங் என்ற கற்பனைக் கிராமம், குணமாக வந்து குவியும் கூட்டம், கூட்டத்தை நம்பி முளைக்கும் கடைகள். திரைக்கதை ரிக்கி லீ. 1983 பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம். தொடக்கத்துச் சூரிய கிரகணம் இருட்டாகத்தான் இருக்கும், பிரதியைச் சந்தேகிக்க வேண்டாம். பகலில் ஜன்னல் திறந்த அறையில் மட்டும் பார்க்காதீர்கள்.

மூன்றாவதும் நான்காவதும் 1976-இல் வந்தவை. ‘மின்சாய் இசாங் காமு-காமோ’ அமெரிக்க விமானப்படைத் தளத்தின் வேலியோரத்து ஊரில், அமெரிக்கா போகக் காத்திருக்கும் செவிலி ஒருத்தியின் கதை. இயக்கம் லூப்பிட்டா அக்கினோ-காஷிவாஹாரா. மாரியோ ஓஹாராவின் ‘தத்லோங் தாவோங் வாலாங் தியோஸ்’ ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்துப் பள்ளி ஆசிரியை ஒருத்தியைப் பற்றியது. இரண்டாவதில் பாலியல் வன்முறைக் காட்சி உண்டு, தெரிந்துகொண்டு உட்காருங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். ஒரு வாரம் இடைவெளி விட்டால், ஒரே ஆண்டில் ஒரே நடிகை இரண்டு வேறு உடம்போடு நடித்திருப்பது தெரியும்.

பிறகு ‘இனா கா நங் அனாக் மோ’ (1979), மறுபடி ப்ரோக்கா. தாயாக லொலிட்டா ரோட்ரிகெஸ், மகளாக நோரா. அந்த ஆண்டு மெட்ரோ மணிலா விழாவில் சிறந்த நடிகை விருதை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். யாரிடம் யார் தோற்றார்கள் என்று முடிவு செய்ய முடியாத படம்.

‘தி ஃப்ளோர் கொண்டெம்ப்ளாசியோன் ஸ்டோரி’ (1995) சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நினைவிருக்கும் வழக்கு. 1995 மார்ச் 17 அன்று சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்ட பிலிப்பினோ பணிப்பெண்ணின் கதையை அதே ஆண்டிலேயே படமாக்கிவிட்டார்கள். கெய்ரோ விழாவில் நோராவுக்குச் சிறந்த நடிகை விருது. படம் அந்தப் பணிப்பெண் பக்கம் நின்று பேசுகிறது, அவசரமாக எடுத்த தடயமும் தெரிகிறது. நடிப்புக்காகப் பாருங்கள், வழக்கின் ஆவணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியில் பிரில்லாந்தே மெண்டோசாவின் இரண்டு படங்கள். ‘தை வூம்ப்’ (2012) தாவி-தாவி தீவுகளில் பிள்ளையில்லாத மருத்துவச்சி, தன் கணவனுக்குத் தானே இரண்டாம் பெண்டாட்டி தேடுவது. 2013-இல் ஆசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை விருது பெற்றுத் தந்தது. ‘தக்லுப்’ (2015) ஹையான் புயல் அடித்த தக்லோபான் நகரில் நடப்பது. இரண்டிலும் கேமரா கையில் ஆடும், அது பிரதிக் கோளாறு அல்ல. குரல் கரகரப்பாகக் கேட்டால் ஒலித்தடத்தைக் குறை சொல்லாதீர்கள். 2010-இல் ஜப்பானில் செய்துகொண்ட அழகு சிகிச்சையில் அவர் குரல் பாதிக்கப்பட்டு, பாடும் குரலே போய்விட்டது. 70-களின் பாட்டுப் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு ‘தை வூம்ப்’ பார்த்தால் அந்த இழப்பின் அளவு புரியும்.

எட்டுப் படத்துக்கு வாரம் ஒன்று என்று இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

6. ரசிகர் கணக்குகளை நம்பி எழுதாதீர்கள்

பார்த்ததும் எழுதத் தோன்றும். நோரானியர், வில்மானியர் என்று இரண்டு கட்சி, நோராவின் போட்டி நடிகை வில்மா சாண்டோஸ் எதிர் முகாம். அரை நூற்றாண்டுச் சண்டை. வசூல் எண், விருது எண்ணிக்கை, ‘ஆசியாவிலேயே முதல்’ என்பதெல்லாம் இரண்டு பக்கமும் ஊதிப் பெரிதாக்கியவை. விருது கொடுத்த அமைப்பின் சொந்தப் பட்டியலில் இருந்தால் மட்டும் எடுத்தாளுங்கள். 2014-இல் தேசியக் கலைஞர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டதையும் 2022-இல் கிடைத்ததையும் ஒன்றாகக் குழப்பி எழுதுபவர்கள் நிறைய.

7. நேரில் போகிறவர்களுக்கு: ஆவணமும் காலமும்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2025 ஜூன் 8 முதல் பிலிப்பைன்ஸில் 14 நாள் விசா இல்லாமல் தங்கலாம். செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ், ஷெங்கன், ஜப்பான், ஆஸ்திரேலிய, கனடா, சிங்கப்பூர் விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ வைத்திருந்தால் 30 நாள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு 30 நாள். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் அன்றே தூதரக அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, பணம் இருப்பதற்கான சான்று. நான்கையும் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். விமானம் ஏறும் இடத்திலேயே திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள்.

‘ஈ-டிராவல்’ பதிவு எல்லோருக்கும் கட்டாயம். வந்திறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும், இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி, உடனே வெளியே வந்துவிடுங்கள். வரும் க்யூஆர் குறியைக் கைப்பேசியில் படமாகச் சேமியுங்கள்.

14 நாள் என்பது நீட்டிக்க முடியாத 14 நாள். புயலால் உள்நாட்டு விமானம் ரத்தானால் உங்கள் சிக்கல்தான். அதனால் 11 அல்லது 12 நாளுக்குத் திட்டமிட்டு, கடைசி இரண்டு நாளை மணிலாவில் சும்மா வைத்திருங்கள்.

மாதம் முக்கியம். வடக்கே ‘ஹிமாலா’ எடுத்த பாவாய் இருக்கும் இலோகோஸுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். கிழக்கே இரிகா இருக்கும் பிக்கோலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். இரண்டுக்கும் பொருந்துவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதற்குள் புனித வாரம் வரும். ஈஸ்டருக்கு முந்தைய வியாழனும் வெள்ளியும் நாடே மூடிக்கிடக்கும், அதற்கு முந்தைய நாள்களில் பேருந்தில் இடம் இருக்காது. டிசம்பர் 25-இல் தொடங்கும் மெட்ரோ மணிலா விழாவின்போது திரையரங்குகளில் உள்நாட்டுப் படம் மட்டுமே ஓடும். சினிமா பார்க்க நல்ல காலம், பயணம் செய்ய மோசமான காலம்.

8. மணிலாவில் இரண்டு நாள்

நோராவின் கல்லறை தகுயிக் நகரில், ஃபோர்ட் போனிஃபாசியோவில் உள்ள ‘லிபிங்கன் நங் மங்கா பயானி’ என்ற வீரர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 22 அன்று அரசு மரியாதையுடன் அங்கே அடக்கம் செய்தார்கள். ராணுவத்தின் பொறுப்பில் உள்ள இடம். பாஸ்போர்ட்டை மூலமாகவே எடுத்துப் போங்கள், காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே நிழல் குறைவு, இடம் பெரிது. வாயிலில் கேட்டு வழி தெரிந்துகொள்ளாமல் நடந்தால் ஒரே மாதிரி வெள்ளைச் சிலுவைகளுக்கு நடுவே அலைய வேண்டிவரும்.

எர்மிதாவில் கலாவ் தெருவில் அரசின் சினிமாதெக் மையம் இருக்கிறது. பழைய படங்கள் குறைந்த கட்டணத்தில், சில நாள் இலவசமாகவும் ஓடும். மாதத் திட்டத்தை அவர்கள் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள், ஆங்கிலத் துணைத்தலைப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பார்வையாளருக்கான காட்சி என்றால் இருக்காது. ‘போனா’வின் தொடக்கத்தில் வரும் கருப்பு நசரேன் (கருநிற இயேசு சிலை) ஊர்வலம் கியாப்போவில் ஜனவரி 9 அன்று நடக்கும். அன்று அந்தப் பக்கம் வண்டி எதுவும் நகராது. விமானம் பிடிக்கும் நாளாக அதை வைக்காதீர்கள்.

9. பாவாய் மணல்மேடு

‘ஹிமாலா’ எடுத்த இடம். மணிலாவிலிருந்து லாவோக் வரை விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், இரவுப் பேருந்தில் 10 முதல் 12 மணி நேரம். பேருந்துக்குச் சுமார் 1,000 பேசோ. ஒரு பேசோவை ஒன்றரை ரூபாய் என்று மனக்கணக்குப் போடுங்கள். மணிலா விமான நிலையத்தில் முனையங்களுக்கு இடையே நடந்து போக முடியாது. வெளிநாட்டிலிருந்து இறங்கி அப்படியே லாவோக் விமானம் பிடிப்பதானால் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

லாவோக்கிலிருந்து பாவாய்க்கு ஜீப்னியும் (பலர் சேர்ந்து ஏறும் சிறு பேருந்து) டிரைசிக்கிளும் (பக்கப்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்) கிடைக்கும். மணல்மேடு பாவாய் தேவாலயத்திலிருந்து தள்ளி, சூபா என்ற கடலோரப் பகுதியில் இருக்கிறது. டிரைசிக்கிள்காரரிடம் வெறும் ‘பாவாய்’ என்றால் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள தேவாலயத்தில் இறக்கிவிடுவார். போய்வரும் கட்டணத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் ஏறும் முன்பே பேசி முடியுங்கள். திரும்பிவர அங்கே வண்டி கிடைக்காது.

மணல்மேட்டில் நான்கு சக்கர ஜீப் சவாரி சுமார் 2,500 பேசோ. அது ஜீப்புக்கு, ஆளுக்கல்ல. தனியாகப் போனால் ஐந்து பேர் சேரும் வரை காத்திருந்தால் 500 பேசோவில் முடியும். ஓட்டுநர் உங்களைக் குலுக்கி அலறவைப்பதே தன் கடமை என்று நினைப்பார். படத்துக்காக வந்திருக்கிறோம், ‘ஹிமாலா’ என்று முதலிலேயே சொல்லுங்கள். படத்தின் பெயரிலேயே ‘ஹிமாலா சா புஹாங்கின்’ என்று ஒரு கலைவெளி அங்கே உருவாகியிருக்கிறது. மதியம் 3.30-க்கு மேல் போங்கள். நடுப்பகலில் வெயிலும் தாங்காது, படமெடுத்தாலும் மேடு பள்ளம் தெரியாமல் தட்டையாக வரும். கேமராவைப் பையிலேயே வைத்து, லென்ஸ் மாற்றுவதை விடுதியில் முடித்துவிட்டுப் போங்கள். அந்த மணல் பொடிசு, உள்ளே போனால் வராது.

‘தை வூம்ப்’ எடுத்த தாவி-தாவிக்கும் போகலாமே என்று தோன்றினால், வேண்டாம். சூலுத் தீவுத்தொடர்ப் பக்கம் போக வேண்டாம் என்று பல நாட்டு அரசுகள் எச்சரிக்கின்றன, பயணக் காப்பீடும் செல்லாமல் போகலாம்.

10. இரிகா

ரயிலில் போய் அவர் தண்ணீர் விற்ற நிலையத்தில் இறங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் வரும் ஆசை. மணிலாவிலிருந்து பிக்கோலுக்கு இப்போது நேரடி ரயில் இல்லை. நாகாவுக்கும் லெகாஸ்பிக்கும் இடையே 2023 டிசம்பர் கடைசியில் மறுபடி ஓடத் தொடங்கியது, இரிகா அந்தப் பாதையில் வருகிறது. எனவே மணிலாவிலிருந்து நாகாவுக்கு விமானத்திலோ இரவுப் பேருந்திலோ போய், அங்கிருந்து ரயில் பிடியுங்கள். நாளுக்கு ஒருசில வண்டிகளே. நேரத்தை முதல் நாள் மாலை நாகா நிலையத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ரத்து என்று சொன்னால் வேனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

அருங்காட்சியகம் மாதிரி எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். நிலையம் சிறியது, அரை மணி நேரம் போதும். ஒரு நாளுக்குள் நாகா திரும்பிவிடலாம். திரும்பும் இரவுப் பேருந்தில் குளிர்சாதனத்தை உறைய வைக்கும் அளவுக்குப் போடுவார்கள், குறைக்கச் சொன்னாலும் குறைக்க மாட்டார்கள். போர்வையைப் பெட்டியில் கீழே போட்டுவிடாமல் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.